புரட்டாசியில் பங்கு கறி, ஐப்பசியில் காய்ச்சல்: எடை தூக்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் கவுச்சி நின்றுவிடும். சந்தைக்கு வரும் ஆடு தேங்கும், வியாபாரி இறங்கி வருவார். ஐப்பசியில் தீபாவளி நெருங்கினால் அதே ஆட்டை அதே ஆள் நிமிர்ந்து நின்று விலை சொல்வார். ஆடி மாதக் கிடாவெட்டு, பக்ரீத், தீபாவளி மூன்றும் விலை ஏறும் காலம். புரட்டாசியும், சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழியும் இறங்கும் காலம். ஜிம்முக்குப் போகிறவர் கறியை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரை நிரப்ப நல்ல நேரம் புரட்டாசி மூன்றாவது வாரம். அதற்கு வழி பங்கு கறி: சில வீடுகள் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, அறுத்துப் பிரித்துக்கொள்வது.

ஆனால் அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மழை விட்டதும் கொசு, கொசுவுக்குப் பின்னால் டெங்கு, நடுவில் சளிக்காய்ச்சல். ஃப்ரீசர் நிறையக் கறியும், பாதியில் நிற்கும் பயிற்சியும், நூற்றொரு டிகிரி காய்ச்சலும் ஒரே வாரத்தில் கூடி வரும். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

எவ்வளவு வாங்குவது

முதலில் தேவையைக் கணக்குப் போடுங்கள். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 112 கிராம். இதில் பாதியைச் சோறு, பருப்பு, தயிர், இரண்டு மூன்று முட்டை கொடுத்துவிடும். மீதிக்குத்தான் கறியும் மீனும்.

எலும்போடு வெட்டிய ஆட்டுக்கறி 250 கிராமில் சதை ஏறத்தாழ 175 கிராம், அதில் புரதம் 35 கிராம். வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டுக்கறி என்றால் மாதத்துக்கு 2 கிலோ. மற்ற நாளுக்குக் கோழியும் மீனும் முட்டையும் மலிவு. ஆக, தனியாளுக்கு முழு ஆடு தேவையே இல்லை. 20 கிலோ ஆட்டை நான்கு வீடு பிரித்தால் ஒரு பங்குக்குக் கிடைக்கும் 2.4 கிலோ ஒரு மாதத்துக்குத் தாராளம். ஆர்வத்தில் முழு ஆட்டை ஒருவரே வாங்கி, பிரிட்ஜில் அடைக்க இடமில்லாமல், கடைசியில் சொந்தக்காரர்களுக்கு ஓசியில் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

லாபத்தையும் மிகையாக நினைக்க வேண்டாம். உயிர் எடை கிலோ 450 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 20 கிலோ ஆடு 9,000. வெட்டுக்கூலி, வண்டி வாடகை 1,000. மொத்தம் 10,000. தலை, கால், குடல், ஈரலுக்கு 1,800 கழித்தால் 8,200. வெள்ளாட்டில் உயிர் எடையில் 45 முதல் 50 சதவீதம்தான் கறியாகத் தேறும், 9.5 கிலோ என்று வையுங்கள். கிலோ 863 ரூபாய். உங்கள் ஊர்க் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிலோவுக்குச் சில பத்து ரூபாய் மிச்சமாகலாம், சில ஊரில் அதுவும் ஆகாது. பங்கு கறியின் உண்மையான ஆதாயம் வேறு: எந்த ஆடு, என்ன வயது, எப்போது அறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் அது தெரியாது.

ஆடு பார்ப்பது

பெரிய ஆட்டுச் சந்தைகள் வாரத்தில் ஒரு நாள் கூடும். மேலப்பாளையம் செவ்வாய், அய்யலூர் வியாழன், செஞ்சியும் திருமங்கலமும் குந்தாரப்பள்ளியும் வெள்ளி, எட்டயபுரம் சனி. விடியும் முன்பே கூடி, வெயில் ஏறும் முன்பே நல்ல உருப்படிகள் போய்விடும். சந்தையில் பெரும்பாலும் தராசு கிடையாது, கண் மதிப்புதான். கண் பழகாதவர் சந்தைக்குப் போனால் தரகர் சொல்வதே எடை. முதல் இரண்டு மூன்று முறை பக்கத்து ஊரில் ஆடு வளர்ப்பவரிடம், தொங்கு தராசில் நிறுத்தே வாங்குங்கள்.

நிறுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆட்டின் வயிறும் குடலும் அதிலுள்ள தீனியும் சேர்ந்து மொத்த எடையில் நல்ல பங்கு. விற்கும் முன் உப்பு நக்கவிட்டுத் தண்ணீர் காட்டினால் இரண்டு கிலோ கூடிவிடும். மேற்சொன்ன விலையில் அது 900 ரூபாய்த் தண்ணீர். இடப்பக்க வயிறு விலாவைத் தாண்டிப் பானை போலப் புடைத்திருந்தால், மாலையில் கட்டி வைத்துக் காலையில் நிறுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வயதைப் பல் சொல்லும். கீழ்த் தாடை முன்பற்கள் எல்லாம் சின்னப் பால்பல்லாக இருந்தால் ஒரு வயதை ஒட்டியது அல்லது அதற்கும் கீழ். நடுவில் இரண்டு பல் பெரிதாக முளைத்திருந்தால் ஒன்றே கால், ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டியது. வாரத்துக்கு இருமுறை சமைத்துச் சாப்பிடப் பல் போடாத குட்டியோ ரெண்டு பல்லோ போதும். நாலு பல் தாண்டிய, காயடிக்காத கிடாவில் வாடை இருக்கும். பிரியாணிக்கு அதுதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. ஆனால் ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைத்து எடுத்தால் அந்த வாடை குறையாது, இன்னும் தூக்கும்.

சதைப்பிடிப்பைக் கையால் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரலை அழுத்துங்கள். எலும்பு முனைகள் கூராகக் குத்தினால் ஆடு மெலிந்தது. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கொழுப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். எலும்பு தெரிய வேண்டும், ஆனால் உருண்டு தெரிய வேண்டும்.

பிறகு நோய். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் ரோஜா நிறமாக இருக்க வேண்டும். காகிதம் போல வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலும் அதே காரணம்தான். வால் பக்கம் கழிச்சல் ஒட்டியிருப்பது, மூக்கு ஒழுகுவது, வாயில் புண், நொண்டுவது எதுவும் கூடாது. "பூச்சி மருந்து எப்போ கொடுத்தீங்க? ஊசி ஏதும் போட்டீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். மருந்து கொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் வேறு ஆடு பாருங்கள்.

செத்த ஆட்டை எந்த விலைக்கும் தொடக்கூடாது. திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அதை அறுப்பதே உயிருக்கு ஆபத்து. கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

அறுப்பது

நகராட்சிப் பகுதிகளில் உரிமம் பெற்ற ஆட்டுத்தொட்டியில்தான் (அறுவைக்கூடம்) அறுக்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டு விதி. சினையாட்டையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் அறுக்க அந்த விதி இடம் கொடுப்பதில்லை. தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை வைப்பார். அந்த ஊதா மையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி ஆகிய நாட்களில் தொட்டியும் கடையும் மூடியிருக்கும். புரட்டாசியில் வாங்குபவர்கள் அக்டோபர் 2ஐ மறந்துவிட்டு ஆட்டோடு போய் நிற்பதுண்டு.

முந்தின நாள் மாலையிலிருந்து தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள். வயிறு காலியாக இருந்தால் குடல் கிழிந்து கறியில் படும் வாய்ப்புக் குறைவு. ஆட்டை ஓட்டிக்கொண்டோ, இழுத்துக்கொண்டோ போகாதீர்கள். களைத்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அப்படி அறுத்த கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும்.

அதிகாலை நான்கு மணிக்கு அறுப்பது வழக்கம் மட்டுமில்லை, அறிவும்கூட: வெயில் ஏறும் முன்பே கறி வீடு சேரும். குடலை எடுத்ததும் ஈரலையும் நுரையீரலையும் நீங்களே பாருங்கள். வெள்ளையாக, நீர் நிறைந்த கொப்புளம் போல இருந்தால் நீர்க்கட்டிப் புழு. அந்த உறுப்பை முழுதாக ஒதுக்கிப் புதைத்துவிடுங்கள். நாய்க்குப் போடவே கூடாது. நாய் வழியாகத்தான் அந்தப் புழு மனிதருக்கு வருகிறது. ஈரலைக் கீறினால் இலை வடிவத்தில் தட்டைப்புழு வந்தாலும் ஈரல் வேண்டாம்.

கூறு போடும்போது தொடை, முன்சந்து, நெஞ்செலும்பு, கழுத்து, முதுகு என்று வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் ஒவ்வொரு கூறுக்கும் வைத்து, தராசில் சரிபார்த்துச் சீட்டுப் போடுவது பழைய முறை. சண்டை வராது. 9.5 கிலோவில் இரண்டு பின்தொடையும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோ, முன்சந்து 2, நெஞ்சும் விலாவும் 2 சொச்சம், முதுகு ஒன்றரை, கழுத்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே. தலையும் காலும் குடலும் நாலாகப் பிரியாது. ஒரு முறை ஒரு வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

கறிக்காரரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: பொடிசாக வெட்ட வேண்டாம், மூட்டு பார்த்துப் பெரிய துண்டாகப் பிரித்தால் போதும். காரணம் அடுத்த பகுதியில்.

குளிர வைப்பதும் உறைய வைப்பதும்

மொத்தமாக வாங்குபவர்கள் கறியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டுக்கு வந்ததும் கழுவி, பொடிசாக நறுக்கி, ஒரே பையில் கட்டி ஃப்ரீசரில் தள்ளிவிடுவார்கள். பிறகு "ஆறு விசில் வெச்சும் வேகலையே" என்று ஆட்டைக் குறை சொல்வார்கள்.

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். ஒரு நாளில் அந்த விறைப்பு தளரும். விறைக்கும் முன்பே சமைத்தால் கறி பூப்போல இருக்கும். கிடாவெட்டு விருந்தின் ரகசியம் அதுதான். விறைக்கும் முன்பே கறியைக் கடுமையாகக் குளிர வைத்தால் தசைநார்கள் சுருங்கிக்கொள்ளும். உறையவே வைத்துவிட்டால், பிறகு உருகும்போது மொத்தமாகச் சுருங்கி, நீரைக் கக்கி, ரப்பர் ஆகிவிடும். எலும்போடு இருக்கும் பெரிய துண்டில் எலும்பு தசையை இழுத்துப் பிடித்திருப்பதால் இந்தச் சுருக்கம் குறைவு.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. காலை 7 மணிக்குள் கறி வீட்டில் இருக்க வேண்டும். மே மாத வெயிலாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

2. ரத்தம், ஈரல், சுவரொட்டி, குடல் நான்கும் அன்றைக்கே அடுப்புக்கு. அன்று சமைக்கும் கறியையும் தனியே எடுத்துவிடுங்கள்.

3. மீதியைக் கழுவாமல், பெரிய துண்டாகவே, எவர்சில்வர் பாத்திரத்தில் பரப்பி, மேலே லேசாக மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம் வையுங்கள். தட்டு 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு துண்டுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். குவித்து வைத்தால் நடுவில் சூடு அடங்காது.

4. மறுநாள் குழம்புக்கு, வறுவலுக்கு, சூப்புக்கு என்று வெட்டிப் பிரியுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் வடிதட்டில் அரை மணி நேரம் வடியவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒட்டியிருக்கும் தண்ணீர்தான் பனிக்கட்டியாகிச் சதையைக் கிழிக்கிறது.

5. ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். தடித்த ஜிப் பையில் 250 அல்லது 500 கிராம் போட்டு, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்புங்கள். பையின் வாயை ஒரு மூலை மட்டும் திறந்து வைத்துத் தண்ணீர் வாளியில் மெல்ல அமுக்கினால் காற்று வெளியேறும். பிறகு மூலையை மூடுங்கள். எலும்புக் கூர் பையைக் குத்தும் என்பதால் நெஞ்செலும்புக்கும் கால் எலும்புக்கும் இரட்டைப் பை.

6. தேதியும் பாகமும் அழியாத பேனாவில் எழுதுங்கள். உறைந்த பிறகு கழுத்துக்கும் தொடைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். 28 லிட்டர் ஃப்ரீசர் இடத்துக்கு ஒரு நாளில் ஒன்று முதல் 1.4 கிலோ வரைதான் ஒழுங்காக உறையும். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் சின்ன ஃப்ரீசரில் நாளுக்கு முக்கால் கிலோவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பழைய பாக்கெட்டுகளும் இளகத் தொடங்கும். 2.4 கிலோ பங்கில் அன்று சமைத்தது போக மீதியை மூன்று நாளில் ஏற்றுங்கள். காத்திருக்கும் பெரிய துண்டுகள் கீழ்த்தட்டில் தாங்கும்.

மைனஸ் 18 டிகிரியில் ஆட்டுக்கறி ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருக்கும். கொத்துக்கறியும் ஈரலும் மூன்று மாதம். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஃப்ரீசர் அந்தக் குளிரை எட்டுவது அரிது என்பதால் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பினால் தாங்கும் நேரம் கூடும். மின்சாரம் வந்ததும் பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள்: நடுவில் பனிக்கட்டி நெருநெருத்தால் திரும்ப உறையலாம், முழுதும் இளகிக் குளிர் போயிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

எடுக்கும்போது முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் வைத்து உருக்காதீர்கள். ஓரம் கெட ஆரம்பித்த பிறகும் நடு உறைந்தே இருக்கும். அவசரத்துக்குப் பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தட்டையான 500 கிராம் பாக்கெட் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். உருண்டையாகக் கட்டிய கேரி பேக் கட்டி மதியம்வரை கல்லாகவே இருக்கும்.

கோழிக்கு இவ்வளவு சாங்கியம் இல்லை. பிராய்லர் உயிர் எடையில் தோல் நீக்கினால் 65 சதவீதம் அளவில் தேறும். பல்லடத்தில் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை அன்றாடம் செய்தித்தாளில் வரும். அதைப் பார்த்து, இறங்கிய நாளில் நாலைந்து கிலோ வாங்கினால் போதும். எப்போதும் கிடைக்கும் பொருளை மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதில் அர்த்தமில்லை.

பிரிக்கும்போதே நெஞ்செலும்பு, கழுத்து, கால் ஆகியவற்றில் நாலு பாக்கெட் "காய்ச்சல்" என்று எழுதி ஃப்ரீசரின் அடியில் வையுங்கள். ஐப்பசியில் தேவைப்படும்.

உடம்பு சரியில்லை: தூக்கலாமா?

முதலில் தெர்மாமீட்டர். தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை. 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேச்சே இல்லை, பயிற்சி கிடையாது. பாரசிட்டமால் போட்டு இறங்கிய காய்ச்சல் இறங்கிய காய்ச்சல் ஆகாது. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் தாண்ட வேண்டும். காய்ச்சலோடு இருக்கும்போது இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடிக்கிறது, உடம்பில் நீர் குறைவு. சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே வீக்கத்தை உண்டாக்கும். அப்போது கடும் பயிற்சி செய்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும் அபாயம் உண்டு. அது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

காய்ச்சல் இல்லை என்றால் கழுத்தை எல்லையாக வைத்துப் பாருங்கள். மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் மெதுவாகச் செய்யலாம். நெஞ்சுச் சளி, ஆழமான இருமல், மூச்சு வாங்கல், உடல்வலி, வாந்தி, பேதி எதுவாவது இருந்தால் வேண்டாம். இது மேலோட்டமான அளவுகோல்தான்; தலைவலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் கழுத்துக்கு மேலே இருந்தாலும் அவை டெங்குவின் தொடக்கமாக இருக்கலாம்.

வெறும் ஜலதோஷத்தோடு தூக்குவதாக இருந்தால், வழக்கமான எடையில் 60 சதவீதம், செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) பாதி, கடைசி ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) வரை திணறாமல் மூன்று நாலு ரெப் மிச்சம் வைத்து நிறுத்துவது. மூச்சைப் பிடித்து அழுத்தும் கனமான ஸ்குவாட்டும் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்ட்டும் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) அன்று வேண்டாம். மூக்கடைப்போடு மூச்சைப் பிடித்தால் காதிலும் சைனஸிலும் அழுத்தம் ஏறும். தும்மலோ இருமலோ எந்த நொடியும் வரலாம். தோளில் 80 கிலோ இருக்கும்போது வரக்கூடாது. பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பதில் டம்பெல், ஸ்குவாட்டுக்குப் பதில் லெக் பிரஸ். பத்து நிமிடம் செய்து பாருங்கள். வந்ததைவிட மோசமாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். முடிந்தால் வீட்டிலேயே செய்யுங்கள். ஏசி போட்ட மூடிய ஜிம்மில் உங்கள் ஒரு தும்மல் பத்துப் பேருக்கு.

சளி மாத்திரையின் உறையைப் படியுங்கள். மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சளி மாத்திரைகளில் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். இரண்டுமே பார்பெல்லுக்கு அடியில் படுக்க ஏற்றவை இல்லை.

இதைவிட முக்கியம் ஆன்டிபயாடிக். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்று "ஃப்ளாக்சசின்" என முடியும் மருந்துகள் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பலவீனப்படுத்தக்கூடும், குறிப்பாகக் குதிகால் நாணை. அரிதுதான், ஆனால் அறுந்தால் மாதக்கணக்கில் நடை போகும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். மருந்து முடிந்த பிறகும் சில மாதம் வரை இது நேரலாம். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரப்படும் மருந்து இது. சீட்டைப் பார்த்து, "நான் வெயிட் தூக்குறவன், வேற மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் குதிப்பதும் ஓடுவதும் கனமான தூக்கலும் வேண்டாம். நாணில் வலியோ வீக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்தக் காய்ச்சல் என்பதும் முக்கியம்

டெங்குவில் ஏமாறும் நாள் ஒன்று உண்டு. மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ஆபத்துக் கட்டம் தொடங்குவதே அப்போதுதான். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும், தட்டணுக்கள் குறையும். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று அன்றைக்கு ஜிம்முக்குப் போவதைவிட மோசமான முடிவு இல்லை. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு இருந்தால் மருத்துவமனைதான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. ஜிம் வலிக்கு வாங்கி வைத்த பழைய அட்டையைத் தேடி எடுக்காதீர்கள். தட்டணு எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்து, மருத்துவர் சரி என்ற பிறகும் இரண்டு வாரமாவது விட்டுத் தொடங்குங்கள்.

டைபாய்டில் குடல் புண்ணாகியிருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. மலேரியாவிலும் சில வைரஸ் காய்ச்சல்களிலும் மண்ணீரல் வீங்கியிருக்கும். இரண்டிலும் வயிற்றை இறுக்கித் தூக்குவது மருத்துவர் அனுமதிக்குப் பிறகுதான். சிக்குன்குன்யாவில் மூட்டு வலி மாதக்கணக்கில் இழுக்கும். வலிக்காத அளவுக்கு மட்டும் அசைவு.

ஆட்டைக் கையாண்ட சில வாரத்தில், விட்டு விட்டுக் காய்ச்சலும் இரவு வியர்வையும் முதுகுவலியும் வந்தால், ஆடு அறுக்க உதவினேன் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆட்டிலிருந்து தொற்றும் புரூசெல்லாக் காய்ச்சல் அப்படித்தான் வரும். நீங்கள் சொல்லாமல் யாருக்கும் தோன்றாது. எடைப் பயிற்சி செய்பவர் அந்த முதுகுவலியை டெட்லிஃப்ட் கணக்கில் எழுதிவிடுவார்.

படுத்திருக்கும் நாட்களில் சாப்பாடு

காய்ச்சலில் முதலில் தண்ணீரும் உப்பும். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. கஞ்சி, ரசம் சோறு, இட்லி இறங்கினால் போதும், முதல் இரண்டு நாள் புரதக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் நாளிலிருந்து "காய்ச்சல்" பாக்கெட்டுகள். நெஞ்செலும்பை மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு நன்றாகக் குழைய வேகவிட்டு, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசைக்குத் தேவையான அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபேன் அதில் இல்லை. நாவுக்கும் தொண்டைக்கும் இதம், உப்பும் நீரும் சேரும். தசையைக் காப்பாற்ற அதோடு ஒரு அவித்த முட்டையோ, வெந்த கறித் துண்டுகளோ வேண்டும். வாந்தி பேதி உள்ளவர் மற்றவர்களுக்கான கறியை வெட்டவோ சமைக்கவோ வேண்டாம்.

திரும்பப் போவது

இரண்டு மூன்று வாரம் தூக்காமல் இருந்தால் பலம் பெரிதாகப் போய்விடாது. கண்ணாடியில் சின்னதாகத் தெரிவது பெரும்பாலும் தசையில் இருந்த நீரும் சர்க்கரைச் சத்தும். சாப்பிடத் தொடங்கியதும் வந்துவிடும். அவசரப்பட ஒன்றுமில்லை.

தொடங்கும் முன் நான்கு சோதனை. மாத்திரை இல்லாமல் காய்ச்சல் வரவில்லை. இரண்டு நாள் வழக்கம்போல் சாப்பிட்டாயிற்று. இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் எண்ணும் நாடித் துடிப்பு வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடவில்லை. நாலும் சரியென்றால், சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு, காய்ச்சல் அடித்த நாட்கள் எத்தனையோ அத்தனை நாள் இன்னும் காத்திருங்கள்.

80 கிலோவில் ஐந்து செட், ஐந்து ரெப் ஸ்குவாட் போட்டவர் என்றால்: முதல் நாள் 40 கிலோ, 2 செட், 8 ரெப். இரண்டு நாள் விட்டு 50 கிலோ, 3 செட், 6 ரெப். இரண்டாவது வாரம் 60 கிலோ, 3 செட், 5 ரெப். மூன்றாவது வாரம் 70. நாலாவது வாரம் 80. முதல் நாள் 40 கிலோ இறகு போலத் தெரியும், கூட்டாதீர்கள். சிக்கல் அன்று தெரியாது, மறுநாள்தான் தெரியும். மறுநாள் சோர்வு தூக்கி அடித்தால் அதே எடையை இன்னொரு வாரம் செய்யுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தப்புவது இருந்தால் நிறுத்தி, இசிஜி எடுக்க வேண்டும். தசை வீங்கி வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனை.

இரண்டாவது வாரத்திலிருந்து தொடைக்கறி பாக்கெட்டுகளை வெளியே எடுக்கலாம். அதற்குள் கார்த்திகை வந்திருக்கும். புரட்டாசித் தேதி எழுதிய பைகளை முன்னால் நகர்த்தி வையுங்கள். ஒற்றைக் கதவு பிரிட்ஜ் என்றால் கார்த்திகை மூன்றாவது வாரத்துக்குள் அவை காலியாக வேண்டும்.